பைபிளைத் தனியாகப் படிக்கத் தொடங்குகிறவருக்கு: எங்கே, எவ்வளவு, எப்படி?

வேதாகமத்தைத் தாமாகவே படித்துப் பழக நினைக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? நாளொன்றுக்கு எவ்வளவு படிப்பது? பாதியில் நின்றுபோகாமல் இருக்க என்ன செய்வது? மூன்றாவதற்கான பதில் முதல் இரண்டிலேயே இருக்கிறது. பக்தி குறைந்து பழக்கம் விட்டுப்போவது அபூர்வம். அளவையும் வரிசையையும் தப்பாகப் போட்டுக்கொண்டதால் விட்டுப்போவதுதான் அதிகம்.

முதலில் ஒரு கணக்கு. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வருடத்துக்குள் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேல். ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் ஆரம்பித்து நாளுக்கு மூன்று வீதம் போகிறவருக்கு முதல் மூன்று வாரம் சிரமமே இருக்காது. ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு, மோசே என்று கதை இழுத்துக்கொண்டு போகும். ஜனவரி 25 அன்று யாத்திராகமம் 25 வரும். அங்கிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின் (வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வழிபட்ட கூடாரம்) அளவுகள், பலகைகள், திரைகள், கொக்கிகள். அதே விவரங்கள் 35ஆம் அதிகாரத்துக்குப் பிறகு, செய்து முடித்த கணக்காக, மறுபடியும் வரும். மாதம் முடியும்போது லேவியராகமம்: பலிகள், தீட்டுகள், தோல் வியாதிகளைச் சோதிக்கும் முறை. ஒரு நாள் விட்டால் மறுநாள் ஆறு அதிகாரம், இரண்டு நாள் விட்டால் ஒன்பது. இங்கே நிறுத்துகிறவர்கள்தான் மிக அதிகம், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லேவியராகமம் வீணான புத்தகம் இல்லை. அது எதற்கு விடை சொல்கிறது என்று தெரியாத நிலையில் அதற்குள் போனால் எதுவும் மனதில் ஒட்டாது.

வருடத் திட்டம் என்பது வாசிப்பு. படிப்பு அதைவிட மெதுவானது, அளவில் சிறியது, கையில் பேனா இருப்பது. இரண்டும் தேவைதான், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் இரண்டையும் ஒரே இருபது நிமிடத்தில் அடைக்கப் பார்த்தால் இரண்டுமே கெடும். பழக்கம் வேர்பிடிக்கும்வரை படிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே புத்தகம், வரிசையாக, ஒரு நாளைக்கு ஒரு சம்பவம்.

அந்தப் புத்தகம் மாற்கு சுவிசேஷமாக இருக்கட்டும். பலர் யோவானைச் சொல்வார்கள். யோவானில் சொற்கள் எளிமை, ஆனால் நீண்ட உரையாடல்கள். ஒரே கருத்து சுற்றிச் சுற்றி ஆழமாகிக்கொண்டே போகும். இரண்டாவதாகப் படிக்க அது அருமையான புத்தகம். மாற்கு நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம், பெரும்பாலும் சம்பவங்கள். யூத வழக்கங்கள் தெரியாத வாசகரை மனதில் வைத்து எழுதப்பட்டிருப்பது இன்னொரு வசதி. கை கழுவும் வழக்கத்தை 7:3-4இல் (7ஆம் அதிகாரம், 3, 4 வசனங்கள்) மாற்குவே விளக்குகிறார். கொர்பான், தலீத்தாகூமி போன்ற சொற்கள் வரும் இடத்திலேயே பொருளையும் சொல்லிவிடுகிறார். பாதிச் சந்தேகங்களுக்கு வேறு புத்தகம் புரட்ட வேண்டியதில்லை.

தொடங்கும் முன் ஒரு விடுமுறை நாளில் மாற்குவை முழுவதும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள், அல்லது ஒலி வடிவில் கேளுங்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். குறிப்பு எடுக்க வேண்டாம், புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். புத்தகத்தின் உருவம் தெரிந்தால் போதும்: முதல் பாதி பெரும்பாலும் கலிலேயாவைச் சுற்றி, 8ஆம் அதிகாரத்தின் பின்பாதியிலிருந்து எருசலேமை நோக்கிய பயணம், 11 முதல் கடைசிவரை எருசலேமில் நடக்கும் ஒரு வாரச் சம்பவங்கள். பதினாறில் ஆறு அதிகாரங்களை ஆசிரியர் அந்த ஒரு வாரத்துக்கே கொடுத்திருக்கிறார் என்பது தெரிந்தால், புத்தகம் எதை நோக்கிப் போகிறது என்பது முதல் நாளிலேயே பிடிபடும். இந்த ஒன்றரை மணி நேரத்தைத் தவிர்ப்பவர்கள் பின்னால் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிக் குட்டிக்கதையாகவே படிப்பார்கள்.

பிறகு தினசரி அளவு. எட்டு முதல் இருபது வசனம், அதாவது ஒரு சம்பவம் அல்லது ஒரு உவமை. அதிகாரத்துக்குச் சராசரியாக மூன்று பகுதி வரும், மொத்தம் ஐம்பதுக்குப் பக்கம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் பத்து வாரம். ஏழு நாள் திட்டம் போடாதீர்கள். மீதி இரண்டு நாள் விட்டுப்போனதற்கும் ஓய்வுக்கும் இருக்கட்டும். பகுதி எங்கே முடிகிறது என்பதற்கு அச்சில் இருக்கும் தலைப்புகள் உதவும், ஆனால் அவை பதிப்பாளர்கள் போட்டவை, மூலத்தில் இல்லாதவை. அதிகாரப் பிரிவுகூட 13ஆம் நூற்றாண்டில் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551இல் அச்சான பதிப்பிலிருந்து வருபவை. சில இடங்களில் வெட்டு தப்பாகவே விழுந்திருக்கிறது. மாற்கு 9:1 உண்மையில் 8ஆம் அதிகாரத்தின் கடைசிப் பேச்சைச் சேர்ந்தது. 1 கொரிந்தியர் 11:1 பத்தாம் அதிகாரத்தின் முடிவு. வாக்கியம் முடிகிற இடம்தான் எல்லை, எண் இல்லை.

நேரம் இருபது நிமிடம் போதும். காலையா இரவா என்ற விவாதத்தில் பெரிய பயன் இல்லை. ஏற்கனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலைக்கு அடுத்ததாக இதை வையுங்கள்; கடிகார நேரத்தைக் குறித்துக்கொள்வதைவிட அது உறுதியாக நிற்கும். படுக்கையில் வேண்டாம், தூக்கம் வரும். வேதாகமம், நோட்டு, பேனா மூன்றும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். தேடி எடுக்க வேண்டியிருந்தாலே அலுப்பில் பாதி நாள் போய்விடும். செயலியில் படிக்கலாம், ஆனால் அறிவிப்புகள் வராதபடி இணையத்தை அணைத்துவிட வேண்டும். முடிந்தால் அச்சுப் புத்தகமே நல்லது. ஒரு வசனம் பக்கத்தில் எங்கே இருந்தது என்று கண்ணுக்கு நினைவிருக்கும், முன்னும் பின்னும் புரட்டுவதும் எளிது.

இருபது நிமிடத்தைப் பிரிப்பது இப்படி. முதல் ஒரு நிமிடம் ஜெபம். “உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்” என்ற சங்கீதம் 119:18ஐ அப்படியே சொன்னாலும் போதும். அடுத்த ஐந்து நிமிடத்தில் பகுதியை இரண்டு முறை படியுங்கள், ஒரு முறையாவது வாய்விட்டு. கண் தாண்டிப்போகிற சொல்லை நாக்கு தாண்டாது. பிறகு பத்து நிமிடம் எழுதுவது. மீதி நேரம் எழுதியதை வைத்து ஜெபம்.

எழுதும் அந்தப் பத்து நிமிடம்தான் இதில் முக்கியம். நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மேலே பகுதியின் எண். பக்கத்தின் பெரும்பகுதி, ‘இங்கே என்ன இருக்கிறது’ என்பதற்கு. அதன் கீழ் ‘எனக்கு எழும் கேள்வி’. கடைசி இரண்டு வரி மட்டும் ‘இன்று இதற்கு நான் செய்ய வேண்டியது’. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஒரு முறை படித்தவுடன் ‘இது எனக்கு என்ன சொல்கிறது’ என்று தாவுவார்கள். அப்படித் தாவினால் கிடைப்பது ஏற்கனவே மனதில் இருந்த எண்ணம்தான், வசனம் சொன்னது இல்லை.

மாற்கு 4:35-41ஐ எடுத்துக்கொள்வோம், இயேசு புயலை அடக்கிய சம்பவம். முதல் முறை படித்தவர் ‘என் வாழ்க்கைப் புயலையும் இயேசு அடக்குவார்’ என்று எழுதி நோட்டை மூடிவிடுவார். அவர் பார்க்காமல் விட்டவை என்னென்ன? “அக்கரைக்குப் போவோம் வாருங்கள்” என்று சொன்னவர் இயேசுதான். புயலுக்குள் அவர்கள் போனது கீழ்ப்படிந்ததால். “அன்று சாயங்காலத்தில்” என்று தொடங்குவதால் இது உவமைகள் சொன்ன அதே நாள். பகல் முழுக்கக் கேட்டதற்கு அன்றைக்கே வந்த சோதனை என்று பார்க்க இடம் இருக்கிறது. வேறு படகுகளும் கூட இருந்தன, அவற்றைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. சீஷர்கள் கேட்டது ‘எங்களைக் காப்பாற்றும்’ என்று இல்லை, ‘நாங்கள் மடிவது உமக்குக் கவலையில்லையா’ என்று. பகுதி முழுக்கக் கேள்விகள்: அவர்கள் கேட்பது, அவர் திருப்பிக் கேட்பது, கடைசியில் “இவர் யாரோ?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது. அந்தக் கடைசிக் கேள்விக்கு இங்கே பதில் இல்லை; பேதுரு வாயால் 8:29இல்தான் வருகிறது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது 41ஆம் வசனம். காற்று நின்று அமைதி வந்த பிறகுதான் அவர்கள் ‘மிகவும் பயந்தார்கள்’ என்று எழுதியிருக்கிறது. இதைக் கவனித்தவர் அடுத்த நாள் 5:15இல் அக்கரை ஜனங்கள், பிசாசு பிடித்தவன் புத்தி தெளிந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு பயப்படுவதைப் பார்ப்பார். அதற்கடுத்த நாள் 5:33இல் குணமான பெண் பயந்து நடுங்குவதையும், 5:36இல் மகளுக்காக வந்த யவீருவிடம் “பயப்படாதே” என்று சொல்லப்படுவதையும் பார்ப்பார். பத்தாவது வாரத்தில், 16:8இல் கல்லறையிலிருந்து ஓடும் பெண்களும் பயந்திருப்பார்கள். ஒரு நூல் கையில் கிடைத்துவிட்டது. ஒரே புத்தகத்தை வரிசையாகப் படிக்கிறவருக்கு மட்டுமே இது கிடைக்கும். தினம் ஒரு இடத்தைத் திறக்கிறவருக்குக் கிடைக்காது.

எதைக் கவனிப்பது என்று தெரியாமல் விழிக்கிற நாட்களில் இவற்றைத் தேடலாம்: யார், எங்கே, எப்போது; திரும்பத் திரும்ப வரும் சொல் (மாற்குவில் ‘உடனே’ எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள்); எதிரும் புதிருமாக நிற்கும் ஆட்கள்; எதிர்பாராத பதில்; எண்கள். 5ஆம் அதிகாரத்தில் அந்தப் பெண்ணின் வியாதி பன்னிரண்டு வருடம், யவீருவின் மகளுக்கு வயது பன்னிரண்டு. ஒரு சம்பவத்தை நடுவில் நிறுத்தி இன்னொன்றைச் சொல்லிவிட்டு முதலாவதற்குத் திரும்புவது மாற்குவின் பழக்கம். 11ஆம் அதிகாரத்தில் அத்திமரத்துக்கும் தேவாலயத்துக்கும் இதையே செய்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பக்க ஓரத்திலோ அடியிலோ இருக்கும் ஒத்துவாக்கியங்களில் (தொடர்புள்ள வேறு வசனங்களின் எண்கள்) ஒரு நாளைக்கு இரண்டு மட்டும் பாருங்கள். புயல் பகுதிக்கு சங்கீதம் 107:23-30, யோனா 1 இரண்டும் போதும்; புயலில் தூங்குகிறவரும், அவரை எழுப்புகிறவர்களும் யோனாவிலும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் துரத்தினால் ஒரு மணி நேரம் போகும், நோட்டில் ஒன்றும் இருக்காது.

கடைசி இரண்டு வரி குறிப்பாக இருக்க வேண்டும். ‘விசுவாசத்தில் வளர வேண்டும்’ என்று எழுதினால் நாளைக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. ‘இந்த வாரம் எடுக்க வேண்டிய அந்த முடிவைப் பயத்தினால் தள்ளிப்போடுகிறேன்; வியாழனுக்குள் பேசிவிடுவேன்’ என்றால் சரிபார்க்கலாம். எல்லாப் பகுதியும் ஒரு செயலைக் கேட்பதில்லை. சில நாள் நன்றி மட்டும், சில நாள் ஒரு கேள்வி மட்டும். அதை வலிந்து நிரப்ப வேண்டாம்.

தனி வசனங்களைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்” என்ற யோபு 8:7 அட்டைகளிலும் சுவர்களிலும் வாக்குத்தத்தமாக அச்சாகிறது. அதைச் சொல்கிறவன் யோபுவின் நண்பன் பில்தாத், அதுவும் யோபுவின் பிள்ளைகள் தங்கள் பாவத்தால் செத்தார்கள் என்று குத்திக்காட்டும் பேச்சின் நடுவில். அந்த நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று 42:7இல் தேவனே சொல்கிறார். ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று சொல்லும் எரேமியா 29:11 பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனமே எழுபது வருடம் ஆகும் என்கிறது. கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்கிற பிலிப்பியர் 4:13இல் அந்த ‘எல்லாவற்றையும்’ என்ன என்பதை அதற்கு முந்தின இரண்டு வசனங்களே சொல்கின்றன: பட்டினியாக இருக்கவும், நிறைவாக இருக்கவும். வசனத்துக்கு முன்னால் பத்து, பின்னால் பத்து வசனம் படிக்காமல் எதையும் மனப்பாடம் செய்யாதிருப்பது நல்ல விதி.

எழுத்தின் வகையைப் பார்த்தும் படிக்கும் விதம் மாற வேண்டும். நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது. அடுத்த வசனம் சொல் என்கிறது. முரண்பாடு இல்லை, இடம் பார்த்து நடக்கச் சொல்லும் ஞானம். நீதிமொழிகள் உத்தரவாதப் பத்திரங்களும் இல்லை. நியாயாதிபதிகளில் நடப்பதெல்லாம் பின்பற்றத்தக்கவை என்று நினைத்தால் தன் மகளையே பறிகொடுக்கவைத்த யெப்தாவின் பொருத்தனையில் மாட்டிக்கொள்வீர்கள். அவனவன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்த காலம் அது என்று அந்தப் புத்தகத்தின் கடைசி வசனமே சொல்லிவிடுகிறது. நிருபங்கள் வாதங்கள், துண்டுபோடுவதற்கு முன் ஒருமுறை முழுக் கடிதமாகப் படிக்க வேண்டும்.

மாற்குவிலேயே புதியவர்கள் திணறும் சில இடங்கள் உண்டு. 3:29, மன்னிக்கப்படாத பாவம். இதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் பலர். 22ஆம் வசனத்தையும் 30ஆம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: கண்ணெதிரே நடக்கும் விடுதலையைப் பார்த்துவிட்டு, அது பிசாசின் வேலை என்று வேதபாரகர் (யூத வேதச் சட்டத்தைப் போதித்தவர்கள்) சொன்னதற்கான பதில் அது. வாயிலிருந்து தவறி வந்த ஒரு சொல்லைப் பற்றியது இல்லை. உதவி கேட்டு வந்த புறஜாதிப் பெண்ணுக்கு இயேசு சொல்லும் 7:27 கடுமையாகத் தோன்றும். 29ஆம் வசனம்வரை போகாமல் அங்கே நிறுத்தாதீர்கள். வரப்போகும் காலங்களைப் பற்றிய 13ஆம் அதிகாரத்தைப் புரிந்தவரை படித்துவிட்டு, மீதியைக் கேள்விப் பக்கத்தில் போட்டு நகருங்கள். இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டால் 9:44, 9:46, 11:26, 15:28 ஆகியவை ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது அல்லது அடிக்குறிப்பில் இருக்கும். அச்சுப் பிழை இல்லை, பழமையான கையெழுத்துப் பிரதிகளில் அவை இல்லை என்பதே காரணம். 16:9-20க்கு அடைப்புக்குறியோ குறிப்போ இருப்பதும் அதனால்தான்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, சபைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு மனப்பாடத்துக்கும் ஒத்துவாக்கியம் தேடவும் வசதி. அதன் நடை பழகாதவர் தற்காலத் தமிழில் உள்ள ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் புத்தகங்களின் பெயர்கள் மாறியிருக்கும்: ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், சங்கீதம் திருப்பாடல்கள், நிருபம் திருமுகம். கத்தோலிக்க வேதாகமத்தில் புத்தகங்கள் 73. இரண்டுக்கு மேல் மொழிபெயர்ப்பு வேண்டாம். விளக்கவுரையை உங்கள் பக்கத்தை எழுதி முடித்த பிறகு திறங்கள். முதலிலேயே திறந்தால் அவர் பார்த்ததைத்தான் பார்ப்பீர்கள். ஆரம்பத்தில் ஒரு ஆய்வுப் பதிப்பின் முன்னுரையும் வரைபடமும் போதுமானவை.

நாள் விட்டுப்போகும், கட்டாயம் போகும். அதனால் திட்டத்தில் தேதி எழுதாதீர்கள், பகுதிக்கு வரிசை எண் போடுங்கள். நான்கு நாள் விட்டு வந்தால் 18க்கு அடுத்தது 19, அவ்வளவுதான். ஈடுகட்டிப் படிக்க வேண்டிய கடன் எதுவும் இல்லை. இருபது நிமிடம் கிடைக்காத நாளில் பகுதியை ஒரு முறை வாய்விட்டுப் படித்து, ஒரே ஒரு வரி எழுதுங்கள். வாரக் கடைசியில் ஐந்து பக்கங்களையும் புரட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்குவது நல்லது. தனித்தனியாகத் தெரிந்தவை அங்கேதான் சேரும். கேள்விகள் பத்து சேர்ந்ததும் போதகரிடமோ, வேதம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடமோ கொண்டுபோங்கள். தனியாகப் படிக்கிறவர் தம் தவறான புரிதலைத் தாமே கண்டுபிடிப்பது கடினம்.

மாற்கு முடிந்த பிறகு பிலிப்பியர், நான்கே அதிகாரம். வாதத்தைப் பின்தொடரும் பயிற்சி அங்கே கிடைக்கும். பிறகு ஆதியாகமமும் யாத்திராகமம் முதல் 20 அதிகாரங்களும். அதற்குப் பிறகு லூக்காவும் அப்போஸ்தலரும், இரண்டையும் தெயோப்பிலு என்பவருக்கு எழுதிய ஒரே ஆசிரியரின் 52 அதிகாரமாகச் சேர்த்து. இடையிடையே வார இறுதியில் ஒரு சங்கீதம். வருட வாசிப்பையும் அப்போது சேர்க்கலாம்: வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரம் சரியாக 52 வாரத்தில் முடியும். லேவியராகமத்தை எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து எடுங்கள். பிப்ரவரியில் கொட்டாவி விடவைத்த பலிகளின் பட்டியலை, அங்கே ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்துவார். வெளிப்படுத்தின விசேஷம் கடைசியில், தானியேலும் சகரியாவும் படித்த பிறகு.